தோமா வராத சாயங்காலம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

யோவான் 20-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன வசனம் இருக்கிறது. வேகமாக வாசித்தால் தாண்டிப் போய்விடுவோம். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் இயேசு வந்தபோது தோமா மற்ற சீஷர்களோடு இருக்கவில்லை. எங்கே போயிருந்தார் என்று வேதம் சொல்லவில்லை. துக்கம் வந்தால் சிலருக்கு ஆட்களோடு இருக்கப் பிடிக்காது. தோமாவும் அப்படிப்பட்டவர்தானோ என்று எனக்குத் தோன்றும்.

அவரைச் சந்தேகக்காரர் என்றே பேசிப் பழகிவிட்டோம். நான் மற்றவர்களைத்தான் பார்க்கிறேன். "கர்த்தரைக் கண்டோம்" என்கிறார்கள். நம்பமாட்டேன் என்று இவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். அப்படியானால் உனக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்டதாக இல்லை. எட்டு நாள் கழித்துக் கூடியபோது தோமாவும் அங்கே இருக்கிறார். நம்பாமலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்! அங்கே வைத்துத்தான் ஆண்டவர் அவருக்குக் காயங்களைக் காட்டினார். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை அந்த வீட்டுக்குள் பிறந்ததுதான்.

என் தகப்பனார் இறந்த வருஷம் நான் ஏழெட்டு வாரம் கோயிலுக்குப் போகவில்லை. முதல் மணி அடிக்கும், ரெண்டாம் மணி அடிக்கும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒரு நாள் எங்கள் தெருவில் மூத்த அக்கா ஒருவர் வந்தார். "தம்பி, நீங்க கோயிலுக்கு வர வேண்டாம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை உங்க திண்ணைல வச்சுக்கிடுதோம். நீங்க உள்ளேயே படுத்திருங்க" என்றார்.

சொன்னபடி வந்தார்கள். கோரைப்பாய்கூட அவர்களே கொண்டுவந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் ஜெபம். ஆறுதல் சொல்கிறேன் என்று யாரும் உள்ளே வரவில்லை. நான் சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மூன்றாவது புதன்கிழமை எழுந்து போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் பாடுவதை நிறுத்தாமல் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

எபிரெயர் 10:25-ஐ வராதவர்களைக் கண்டிக்கவே நாம் எடுக்கிறோம். சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று அதட்டுகிறோம். அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள். அந்த மக்கள் நிந்தைப்பட்டவர்கள், ஆஸ்தியைப் பறிகொடுத்தவர்கள். அவர்களில் சிலர் வராமல் நின்றது பயத்தினாலும் களைப்பினாலும் இருக்கலாம். அந்த வசனத்தில் "புத்திசொல்ல" என்று வருகிற இடத்தில், மூலச்சொல்லுக்குத் தேற்றுதல், தைரியப்படுத்துதல் என்ற பொருளும் உண்டு. அந்த அக்கா வேதபாட சாலை எதிலும் படித்தவரில்லை. அந்தப் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

2020-இல் ஏப்ரல் 12-ஆம் தேதி ஈஸ்டர். கோயில் பூட்டிக் கிடந்தது. செல்போனில் ஆராதனை பார்த்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் ஆசீர்வாதம். ஆனால் முன் பெஞ்சுக்காரர் கண் கலங்கியிருக்கிறார், அந்தப் பிள்ளை ரெண்டு வாரமாக அம்மா இல்லாமல் வருகிறது என்பதெல்லாம் செல்போனில் தெரியாது. நான் வராவிட்டாலும் அது என்னைத் தேடாது.

இந்தப் புதன்கிழமைக் கூட்டம் எந்த வீட்டில் என்று இன்னும் முடிவாகவில்லை. ராத்திரி ஏழரை மணிக்கு. உங்கள் பெஞ்சில் கொஞ்ச நாளாக யாருடைய இடம் காலியாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் அந்த வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக்கொள்வோம். பாய் நாம் கொண்டுபோகலாம்.