ஜார்ஜ் நாரிஸ்: கோட்டுப் பையில் காத்திருந்த தீர்மானம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நான் பேசப்போவது ஜார்ஜ் நாரிஸைப் பற்றி. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து வக்கீல், மாவட்ட நீதிபதி, பத்து வருடம் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், அப்புறம் முப்பது வருடம் செனட்டர். அதிபராகாதவர் என்பதால் நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த அரசியல்வாதி அவர்தான்.

1861இல் ஒஹையோவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் அப்பா இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தச் சம்பாத்தியத்தில் சட்டம் படித்தார்.

சரி, 1910க்கு வருவோம். அப்போது சபாநாயகர் ஜோசப் கேனன். எந்த மசோதா அவைக்கு வரலாம் என்று முடிவெடுக்கும் விதிகள் குழுவுக்கும் அவர்தான் தலைவர். யார் எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதும் அவர் கையில். நாரிஸும் அதே குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆனாலும் விதிகள் குழுவை அவையே தேர்ந்தெடுக்க வேண்டும், சபாநாயகர் அதில் இருக்கக் கூடாது என்று ஒரு தீர்மானத்தை எழுதி, கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு சமயம் பார்த்திருந்தார். அதைக் கொண்டுவர கேனன் விடமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் 17. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய ஒரு மசோதா வருகிறது. அரசியல் சாசனமே கணக்கெடுக்கச் சொல்வதால் இதற்கு முன்னுரிமை உண்டு என்கிறது கேனன் தரப்பு. அவையும் ஒத்துக்கொள்கிறது. உடனே நாரிஸ் எழுந்தார். அவை தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றும் அதே சாசனம் சொல்கிறதே, அப்படியானால் என் தீர்மானத்துக்கும் முன்னுரிமை உண்டு என்று அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். எதிராளியின் வாதத்தையே பிடித்துக்கொண்ட வக்கீல் மூளை! விடிய விடிய விவாதம். இந்தத் தீர்மானத்துக்கு இடமில்லை என்று கேனன் சொன்ன தீர்ப்பை மார்ச் 19இல் அவை தள்ளியது. தீர்மானம் 191க்கு 156 என்று நிறைவேறியது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதை செனட்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஆறே பேர். நாரிஸ் அதில் ஒருவர். பணக்காரர்களின் லாபத்துக்காக நடக்கும் போர், நம் கொடியின் மேல் டாலர் குறியைப் போடப்போகிறோம் என்று அவையிலேயே சொன்னார். துரோகி என்ற வசவு விழுந்தது. ஆனால் 1918இல் நெப்ராஸ்கா மக்கள் மறுபடி அவரையே அனுப்பினார்கள்.

என்னை உண்மையில் அசரவைப்பது மின்சார விஷயம்தான். அலபாமாவில் டென்னசி ஆற்றின்மேல், மசில் ஷோல்ஸ் என்ற இடத்தில், போர்க்கால அரசு அணை கட்டத் தொடங்கியது. அங்கிருந்த உரத் தொழிற்சாலைகளையும் சேர்த்து 50 லட்சம் டாலருக்கு ஹென்றி ஃபோர்டு கேட்டார். மக்கள் சொத்தை விற்காதீர்கள் என்று நாரிஸ் குறுக்கே நின்றார். அதை அரசே நடத்த வேண்டும் என்ற அவர் மசோதாவை 1928இல் அதிபர் கூலிட்ஜ் கையெழுத்துப் போடாமலே சாகடித்தார், 1931இல் அதிபர் ஹூவர் வீட்டோ செய்தார். இதில் நெப்ராஸ்காவுக்கு ஒரு யூனிட் மின்சாரம்கூட வரப்போவதில்லை, அதைக் கவனியுங்கள். 1933 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்தில், அந்த ஆற்றின் அணைகளையும் மின்சாரத்தையும் கவனிக்கும் அரசு நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தது. அப்போது அமெரிக்கப் பண்ணை வீடுகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். 1936இல் வந்த கிராம மின்மயச் சட்டத்திலும் அவர் பங்கு உண்டு.

1934இல், நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு அவை என்று கேட்டு, டயர்கள் தேயத் தேயக் காரில் மாநிலம் முழுக்கப் பிரசாரம் செய்தார். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். இன்றும் 50 மாநிலங்களில் ஒற்றை அவை வைத்திருப்பது நெப்ராஸ்கா மட்டும்தான்.

1942 தேர்தலில், 81 வயதில், தோற்றுப்போனார். அந்தத் தோல்வி அவரை மிகவும் வருத்தியது. மெக்குக் ஊரிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பி, 1944 செப்டம்பரில் காலமானார். அந்த வீட்டை இப்போது நினைவிடமாகப் பாதுகாக்கிறார்கள். நெப்ராஸ்கா பக்கம் இருப்பவர்கள் யாராவது போய்ப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.