படிப்பு முடித்த கையோடு தொழில் தொடங்கலாமா?

அடுத்து ஒரு தம்பியின் கேள்வி: "சார், இந்த வருடம் கல்லூரி முடிக்கிறேன். டீ-சர்ட் பிரிண்டிங் தொழில் தொடங்க ஆசை. வீட்டில், முதலில் நாலு வருடம் வேலைக்குப் போ என்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

தொடங்கலாம் தம்பி. ஆனால் வீட்டில் சொல்வதை வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க நிறுவனங்களை வைத்து நான்கு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. ஆயிரத்தில் ஒன்று என்கிற அளவுக்கு வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களுக்கு, தொடங்கும்போது சராசரி வயது 45. அதே துறையில் மூன்று வருடமாவது வேலை பார்த்தவர்களுக்கு, அந்த அனுபவம் இல்லாதவர்களைவிட ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே துறையில் என்பதைக் கவனியுங்கள். வேலைக்குப் போவதென்றால், கிடைத்த வேலையில் போய் உட்காராதீர்கள். சம்பளம் குறைந்தாலும் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் சேருங்கள். மை எங்கே வாங்குகிறார்கள், ஒரு லாட்டில் எத்தனை சட்டை வீணாகிறது, எந்த மாதிரி வாடிக்கையாளர் பணத்தை இழுத்தடிக்கிறார், இதெல்லாம் உள்ளே நின்று பார்த்தால்தான் தெரியும்.

இல்லை சார், இப்போதே ஆரம்பிக்க வேண்டும் என்கிறீர்களா? சரி. அப்படியானால் மெஷின் வாங்காதீர்கள். கம்பெனி பெயர், லோகோ, விசிட்டிங் கார்டு எதுவும் அவசரமில்லை. முதலில் ஆர்டர் பிடியுங்கள். டிசைன் உங்களுடையது, பிரிண்டிங்கை வெளியே கொடுத்துச் செய்து வாங்குங்கள். லாபம் குறையும், பரவாயில்லை. "சூப்பரா இருக்குடா" என்று நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் அட்வான்ஸ் கொடுத்து ஆர்டர் போடுகிறாரா, அதைப் பாருங்கள்.

அப்புறம், பணம். புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒரு மாத ஆர்டருக்குச் செலவு 70, பில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். முதல் மாதம் 70 போடுகிறீர்கள். இரண்டாம் மாதம் இன்னொரு 70. கையிலிருந்து 140 போன பிறகுதான் முதல் 100 உள்ளே வரும். கணக்குப் புத்தகம் 60 லாபம் என்று காட்டும், துணி வாங்கக் கையில் காசு இருக்காது. ஆர்டர் இரட்டிப்பானால் முடங்குகிற பணமும் இரட்டிப்பாகும். நன்றாக ஓடுகிற தொழில்கூட மூச்சுத் திணறி நிற்பது இப்படித்தான். அதனால் பாதிப் பணமாவது அட்வான்ஸ் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படவே கூடாது.

வேலை, தொழில் இரண்டையும் சேர்த்துச் செய்கிற வழியும் இருக்கிறது. நைக்கி நிறுவனத்தின் பில் நைட் 1964-ல் தன் பயிற்சியாளரோடு ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கினார். உடனே முழுநேரமாக இறங்கவில்லை. 1969 வரை கணக்காளர் வேலை, கல்லூரியில் பாடம் எடுப்பது என்று சம்பாதித்துக்கொண்டேதான் ஷூ விற்றார். உங்கள் வயதில் மாலை நேரமும் விடுமுறை நாட்களும் பெரிய முதலீடு தம்பி.

வீட்டில் எப்படிப் பேசுவது? "எனக்கு ஒரு வருடம் கொடுங்கள். இவ்வளவு பணம் வரை போடுவேன், அதற்கு மேல் கேட்க மாட்டேன்" என்று தேதியும் தொகையும் சொல்லிப் பேசுங்கள். எழுதியே கொடுங்கள். அந்தத் தொகை முழுவதும் போனாலும் வீடு ஆடிப்போகாத அளவில் இருக்கட்டும். அப்பா அம்மா இருக்கிற வீட்டை மட்டும் அடமானம் வைக்கச் சொல்லாதீர்கள்.