ரிட்லியின் ரயில் இன்னும் ஓடுகிறது: பட்டிமன்றத்தில் எழுத்து அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்களைத் தனித்தனியாக வாழ்த்தினால் எனக்குரிய நேரம் அதிலேயே கரைந்துவிடும் என்பதால், நேரே இங்கிலாந்துக்குப் போகிறேன்.

ஆங்கில நாடக ஆசிரியரும் நடிகருமான அர்னால்ட் ரிட்லிக்குப் பெருமை சேர்த்தது நடிப்பா, எழுத்தா? எழுத்தே என்பது எங்கள் அணி. எதிரணி அம்மையார் சற்று முன்பு ஒரு போடு போட்டார்: "ரிட்லி எழுதிய ரயில் எப்போதோ போய்விட்டது, 'டாட்ஸ் ஆர்மி' தொலைக்காட்சித் தொடரில் அவர் நடித்த, கழிப்பறைக்குப் போய்வரக் கூச்சத்தோடு அனுமதி கேட்கும் கிழட்டுச் சிப்பாய் காட்ஃப்ரே மட்டும்தான் மிச்சம்." நீங்களும் கைதட்டினீர்கள். அந்த ரயில் எங்கே கிளம்பியது என்று அம்மையாருக்குத் தெரியுமா?

பிரிஸ்டலுக்கு அருகே மாங்கட்ஸ்ஃபீல்டு என்றொரு ரயில் நிலையம். பாத் நகரத்து இளைஞரான ரிட்லி அங்கே அடுத்த வண்டிக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார். ஆளரவம் இல்லை. திடீரென்று ஒரு விரைவு வண்டி பாய்ந்து வரும் ஓசை. நெருங்குகிறது, அதிர்கிறது, நிலையத்தைக் கடந்தே போய்விடுகிறது. எதிரே தண்டவாளத்தில் ஒன்றுமே இல்லை! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்கிறேன்: ஓசை வந்தது, ஓசை போனது, வண்டி வரவில்லை. நானாக இருந்தால் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்பேன். நடுவர் ஐயா பெட்டியோடு ஓடியிருப்பார். அருகில் வளைந்து செல்லும் வேறொரு பாதையில் போன வண்டியின் ஓசைதான் அது. ரிட்லி அதை வைத்து 1923இல் 'கோஸ்ட் டிரெயின்', அதாவது 'பேய் ரயில்' நாடகத்தை எழுதினார். 1925இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கில் ஏறிய அது 600 காட்சிகளுக்கு மேல் ஓடியது. எழுதியவருக்கு மாங்கட்ஸ்ஃபீல்டில் நேர்ந்ததைப் போலவே, ஓசையை மட்டும் கேட்டே பார்வையாளர்களும் நடுங்கினார்கள்.

ரயில் போய்விட்டதாம்! மாங்கட்ஸ்ஃபீல்டு நிலையத்தைத்தான் 1966இல் மூடினார்கள். நாடகத்தை மூட முடியவில்லை. இங்கிலாந்தின் அமெச்சூர் நாடகக் குழுக்கள் இன்றும் அதை மேடையேற்றுகின்றன. இன்னொன்றும் கேளுங்கள். ரிட்லி பங்குகொண்ட திரைப்பட நிறுவனம் 1930களில் நொடித்துப் போய், கடன் பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது. அமெச்சூர் குழுக்களுக்கான நாடக உரிமையைச் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டார். அந்த உரிமை கையில் இருந்திருந்தால், 1968இல் 'டாட்ஸ் ஆர்மி' தொடங்கியபோது, 72 வயதில், அவர் சிப்பாய் உடுப்பை மாட்டியிருப்பாரா? அம்மையார் கொண்டாடும் அந்தக் கிழவரே எங்கள் ரயிலில் பயணச்சீட்டு இல்லாமல் வந்தவர்தான்!

சிரித்தது போதும். அந்த உடுப்பு அவருக்குப் புதியதன்று. முதல் உலகப் போரில், 1916இல், பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடிபட்டார், பயனெட் என்னும் துப்பாக்கி முனைக் கத்தி குத்தியது, இடக்கை ஏறக்குறைய செயலிழந்தது. அடிக்கடி நினைவு தப்பும் தொல்லை அதன்பின் அவரை விடவில்லை. அப்படிப்பட்டவர் 1939இல் மறுபடி ராணுவத்தில் சேர்ந்து, பிரான்ஸுக்குப் போய், 1940இல் தப்பி வந்து, அதன்பிறகும் உள்நாட்டுக் காவல் படையில் சேர்ந்தார். தொலைக்காட்சியில் அவர் நடித்த படையும் அதே படைதான்.

1969இல் வந்த ஒரு பகுதியில், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் காட்ஃப்ரே என்று தெரிந்ததும் சக சிப்பாய்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். அதே சோம் களத்தில் காயம்பட்டோரைச் சுமந்து வீரப் பதக்கம் பெற்றவர் அவர் என்பது பிறகுதான் தெரியவருகிறது. அந்தக் காட்சியில் நடித்தவரின் உடம்பில் இருந்த தழும்புகளை எந்த ஒப்பனைக்காரரும் வரையவில்லை. இது என் அணிக்கு எதிரான சான்று என்று நடுவர் குறித்துக்கொள்வது தெரிகிறது. குறித்துக்கொள்ளட்டும். 81 வயது வரை அந்தக் கையோடு அணிவகுப்பில் நின்ற மனிதரைத் தோற்கடித்து எனக்கொரு தீர்ப்பு வேண்டாம், ஐயா.