நோட்டையும் எடுத்து வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வரும் ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கையில் என்னென்ன இருக்கும்? துணிப்பை, பாத்திர மூட்டை, கேஸ் அடுப்பு, பிள்ளைகளின் டி.சி. அப்பாவுக்கு நாலு வருஷமாகச் சுகர் இருந்தால் அந்தச் சுகரும் கூடவே இறங்கிவிடும். அவருடைய சுகர் நோட்டு மட்டும் ஊர்வீட்டுப் பரண்மேல் கிடக்கும். அந்த நோட்டைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஊரில் இருக்கும்வரை அதன் அருமை தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு அவர் முகம் பார்த்தாலே போதும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு மாத்திரை வாசலுக்கே வருகிறது. இங்கே லைன் வீட்டில் பகல் முழுக்கப் பூட்டுத் தொங்கும். ஆறு மாதத்தில் வீடு மாறும். யார் வந்து யாரைத் தேடுவது?

கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும் தெருமுனை மெடிக்கலுக்குப் போவார். "சுகருக்கு வெள்ளை மாத்திரை, கொஞ்சம் நீளமா இருக்கும்" என்பார். அந்த அடையாளத்துக்கு எத்தனையோ மாத்திரை பொருந்தும். மெட்ஃபார்மின் 500 மட்டும் சாப்பிட்டு வந்தவர் கையில், மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை வந்துவிடலாம். கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டிருக்கிறோமா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவருக்குப் பதினொரு மணிவாக்கில் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் பிரஷர் என்று நினைத்து விசிறிவிடுவார்கள். அப்போது வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108.

நோட்டில் என்ன இருக்கிறது? மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, கடைசியாகப் பார்த்த அளவு. இந்த நாலு வரி இருந்தால் புது டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடருவார். நோட்டு ஊரிலேயே தங்கிவிட்டதா? யாரையாவது செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லையா? மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். ஆனால் பிய்க்கும்போது பெயரும் மில்லிகிராமும் அச்சடித்த ஓரத்தைத்தான் முதலில் பிய்த்து எறிகிறோம். அந்த ஓரத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள்.

திருப்பூரிலும் மாத்திரை இலவசம்தான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கலாம், நலவாழ்வு மையத்திலும் வாங்கலாம். உள்ளூர் ரேஷன் கார்டு தேவையில்லை. சிக்கல், திறந்திருக்கும் நேரத்தில்தான். நலவாழ்வு மையம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. ஒண்ணரை ஷிப்ட் பார்ப்பவர் வெளியே வரும்போது அதுவும் மூடியிருக்கும். மாதத்தில் ஒரே ஒரு சாயங்காலம் ஒரு ஷிப்டோடு கிளம்பினால் போதும், ஒரு மாத மாத்திரை கைக்கு வந்துவிடும். அரை ஷிப்ட் சம்பளம் போகிறது, அது சின்ன விஷயமில்லை. கம்பெனி நடத்துகிறவர்கள், லைன் சூப்பர்வைசர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் சொல்கிறேன்: சுகர், பிரஷர் உள்ளவர்களை ஆளுக்கொரு நாள் என்று முறை போட்டு அனுப்புங்கள். உற்பத்தி நிற்காது.

ஊர் மாறும்போது மருந்து விட்டுப்போனால் இதைவிட ஆபத்து டிபிக்காரருக்கு. டிபிக்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து, தினமும். இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்று எடை ஏறும். வேலைக்குக் கிளம்புவதும் அப்போதுதான். உடம்பு தேறிவிட்டது என்று மருந்தையும் விட்டுவிடுவார்கள். கிருமி முழுக்கச் செத்திருக்காது. மிச்சமிருப்பது மறுபடி பெருகும்போது பழைய மருந்துக்கு மசியாத கிருமியாக வரலாம். லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுப்பதையும் நினைத்துப் பாருங்கள்.

டிபிக்காரர் ஒவ்வொருவருக்கும் நிக்ஷய் என்ற பதிவில் ஒரு எண் உண்டு. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அங்குள்ள சுகாதாரப் பணியாளரிடம் "திருப்பூர் போகிறேன், மாற்றிவிடுங்கள்" என்று சொன்னால் அந்த எண்ணிலேயே இங்கு மருந்து தொடரும். வழியில் விட்டுப்போகாமல் இருக்கக் கைவசம் கொஞ்ச நாள் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதே என்று பயந்து சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், கெடுதல் இல்லை.

மாத்திரை அட்டையின் ஓரத்தை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன். பெயர் தெரியும் பக்கம் கடைசிவரை இருக்கட்டும்.

நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு வார்த்தை மட்டும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூணேகால் ரூபாய். பிடித்தம் நடக்கிறதா, உங்கள் பெயரில் எண் இருக்கிறதா என்று முதல் மாதமே கேளுங்கள். வேலையில் சேர்ந்த நாள் முதல் வைத்தியம் உண்டு. குடும்பத்தார் பெயர்களையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு: ஊரில் நர்ஸம்மா பதிந்து கொடுத்த 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், தமிழ்நாடு முழுக்கச் செல்லும். பிரசவம் எங்கே நடந்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அதைத்தான் கேட்பார்கள். திருப்பூரில் புதிதாக இன்னொரு எண் போட வேண்டாம்.

குழந்தைக்குத் தடுப்பூசி 6, 10, 14 வாரம், பிறகு 9 மாதம், அதற்குப் பிறகு ஒன்றரை வயதுவாக்கில். ஊர் மாறியதில் ஒன்று தவறியிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்டதிலிருந்து போடுவார்கள். புதன்கிழமை தடுப்பூசி அட்டையோடு போங்கள். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 104-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். வணக்கம்.