ஊசி போட்டும் இகுவானா தேறேல்லையோ? முதல்ல கூட்டுக்குள்ள இருக்கிற வெப்பமானியைப் பாருங்கோ!

[திரையில்: கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டிருக்கிற பச்சை இகுவானா. பக்கத்தில 1 மில்லிலீற்றர் சிறிஞ்ச்.]

வணக்கம் உறவுகளே. மருந்து சரி, அளவு சரி. எண்டாலும் பிராணி சோர்ந்துபோய்க் கிடக்குது. அநேகமா கூடு குளிர்ந்துபோயிருக்கும்.

ஒண்டைச் சொல்லிப்போட்டுத் தொடங்குறன்: எங்கட பத்தைக்குள்ள திரியிற உடும்பு சட்டம் பாதுகாக்கிற பிராணி, அதைப் பிடிச்சு வளர்க்கக் கூடாது. இது இகுவானா எண்ட வெளிநாட்டுப் பெரிய பல்லியினத்தை வச்சிருக்கிறவைக்கு.

எங்களுக்குக் கிருமி தொத்தினா உடம்பு தானாக் கொதிக்கும். இகுவானாவுக்கு அது ஏலாது, வெக்கையைத் தேடித்தான் போகவேணும். 1974, 75இல மத்தியூ குளூகர் எண்ட உடலியல் விஞ்ஞானியும் கூட இருந்தவையும் அமெரிக்காவில பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமியை ஏத்திப் பார்த்தவை. அதுகள் வழமையிலும் ஏறக்குறைய 2 பாகை சூடு கூடின பக்கமாப் போய்ப் படுத்திட்டுதுகள்! பிறகு ஒவ்வொரு கூட்டத்தை ஒவ்வொரு வெப்பத்தில வச்சவை. 40, 42 பாகையில இருந்ததுகள் கனக்கப் பிழைச்சுதுகள், 34, 36இல இருந்ததுகளில சாவு கூட. வெயிலுக்குப் போய்க் காய்ச்சலை வாங்கி வாற பிராணி! எனக்கு இதைவிட அழகான விசயம் ஒண்டும் இல்ல.

அதுக்காக 42ஐப் பின்பற்றாதீங்கோ, அது பாலைவன இனம். பச்சை இகுவானாவுக்கு வெயில் காயிற கொப்பில 35 பாகை, மற்றக் கரையில 28, இரவில 26க்குக் கீழ போகக் கூடாது. ரெண்டு வெப்பமானி வையுங்கோ, ஒண்டு கொப்பில, அது படுக்கிற உயரத்தில.

வன்னியில பகலில தகரக் கூரைக்குக் கீழ சூட்டுக்குக் குறைவில்ல. கண்ணாடிப் பெட்டியை வெயிலில வச்சா சில நிமிசத்திலேயே செத்துப்போகும். ஆபத்து மார்கழி மழை இரவில, கரண்ட் போற நேரத்தில. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்தி ஒரு மூலையில வையுங்கோ, விலகிப் படுக்க மற்ற மூலையில இடமும் விடுங்கோ.

செஃப்டாசிடிம் எண்ட கிருமிகொல்லி ஊசி 72 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டா வைத்தியர் மறந்துபோனார் எண்டு நினைக்காதீங்கோ. ஊர்வனவின்ர உடம்பு மருந்தை மெதுவாத்தான் வெளியேத்தும். கூடு குளிர்ந்தா அந்தக் கணக்கே பிழைச்சுப்போகும்.

[திரையில்: சிறிஞ்சின் கோடுகள், மிகக் கிட்டவாக.]

இதைக் கவனமாக் கேளுங்கோ. மாட்டுக்கு வாங்கின என்றோஃப்ளொக்சசின் எண்ட கிருமிகொல்லி மருந்துப் போத்தலில ஒரு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். 300 கிராம் இகுவானாவுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் எண்டு வைத்தியர் எழுதினா தேவை 1.5 மில்லிகிராம், அதாவது 0.015 மில்லிலீற்றர். இந்தச் சிறிஞ்சில ஒரு சின்னக் கோடே 0.01! ஊசி நுனியில நிக்கிற துளியே அளவை இரட்டிப்பாக்கும். ஐதாக்காமக் குத்தினா தசையும் அழுகும். மாட்டுப் போத்தலைத் தொடவே கூடாது, வைத்தியர் ஐதாக்கித் தரவேணும்.

ஊசி முன்னங்காலில. பின்பக்கம் போட்டா மருந்து முதல்ல சிறுநீரகத்துக்குப் போகலாம். வாயால மருந்து குடுத்தா கல்சியம் பவுடரை ரெண்டு மணித்தியாலம் தள்ளிக் குடுங்கோ. தோள்மட்டத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு அதில இருத்துங்கோ, ஒரு நாளைக்கு 15 நிமிசம். சாப்பாட்டுக்குச் செவ்வரத்தை இலை, பூசணி. தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, சல்மொனெல்லா எண்ட வயித்தோட்டக் கிருமி இருக்கலாம்.

ஒவ்வொரு காலமையும் சமையல் தராசில நிறுத்து எழுதுங்கோ, அதுக்கெண்டு ஒரு தராசைத் தனியா வையுங்கோ. பத்தில ஒரு பங்கு நிறை குறைஞ்சாலோ, எச்சத்தில வெள்ளைப் பகுதி மஞ்சளாகி மணல்போல வந்தாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, மூக்கில குமிழி வந்தாலோ, அடுத்த ஊசி நாள் வரைக்கும் காத்திருக்காம அண்டைக்கே கொண்டு போங்கோ. எழுதின நிறைக் கொப்பியையும் கொண்டு போங்கோ.