தெரு காய்ந்தது, தண்ணீர் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் மழைநீர் வடிகால் கட்டும் வேலைகளை முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் எனக்கு இருந்தது ஒரே கணக்குதான். மழை விட்டு எத்தனை நிமிஷத்தில் தெரு காய்கிறது? சீக்கிரம் காய்ந்துவிட்டால், வாட்டம் சரியாக விட்டிருக்கிறோம் என்று திருப்தியாக ஒரு டீ குடிப்போம். அந்தத் தண்ணீர் எங்கே, எந்த லட்சணத்தில் போய்ச் சேர்ந்தது என்று யோசித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு புரட்டாசி மாதம், கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த தெருவில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். காலடியில் வடிகால் துளை. முதலில் வந்த தண்ணீர் டிகாஷன் நிறம். அதன் மேல் வண்டி ஆயில் வானவில் மாதிரி மினுங்கியது. பின்னாலேயே பேப்பர் கப், பான்பராக் உறை, டயர் தேய்ந்த கறுப்புத் தூள், நாய் போட்டது, கொத்தனார் கழுவி ஊற்றிய சிமெண்டுப் பால். அரை மணி நேரம் போனதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. அதாவது, பல மாத அழுக்கை முதல் மழையே வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அது எங்கேயோ சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பாதாளச் சாக்கடைதான் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி என்று போகிறது. மழைநீர் வடிகால் தனி. மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்கு, விருகம்பாக்கம் அரும்பாக்கம் கால்வாய் வழியாகக் கூவத்துக்கு, ஓட்டேரி நல்லா என்கிற ஓடை வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு. நடுவில் வண்டல் தொட்டி இருந்தால் மண்ணும் குப்பையும் கொஞ்சம் தங்கும், அதையும் தூர் வாரினால்தான். ஆயில் தங்காது. போதாததற்குத் திருட்டு இணைப்புகள் வேறு. சித்திரை வெயிலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால், அது மழைத் தண்ணீர் இல்லை. என்னவென்று மூக்கே சொல்லிவிடும்.

முன்பு இந்தத் தண்ணீர் நேராக ஆற்றுக்கு ஓடியதில்லை. வழியில் ஏரிகள் பிடித்து வைத்துக்கொண்டன. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழும்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, 'வியூ'தான் இல்லை. ஏரி போன இடத்தில் நாங்கள் பெட்டி மாதிரி கான்கிரீட் வடிகால் வைத்தோம், அடியிலும் கான்கிரீட். ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்காது.

சரி, விழுகிற இடத்திலேயே நிறுத்தினால் எவ்வளவு நிற்கும்? ஒரு கிரவுண்ட் மனை, 2,400 சதுர அடி. 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 11,000 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு தண்ணி லாரி. மே மாதம் அதற்குத்தான் போன் போட்டுக் காத்திருக்கிறோம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டரை எந்த மழைநீர்க் குழியும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட நாள் என்றைக்கோதான். ஆற்றை அழுக்காக்குவது வருஷா வருஷம் வரும் சாதாரண மழை.

மாநகராட்சி இப்போது பூங்காக்களில் குளம் வெட்டி, ஸ்பாஞ்ச் பார்க் என்று அமைக்கிறது. நல்ல வேலை. வீடுகளில் 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது போட்ட குழியை அதற்கப்புறம் எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? என் வீட்டுக் குழியைப் போன வருஷம்தான் திறந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. மேல் மணல் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. வேர் பின்னியிருந்தது. பேரன் தொலைத்த பந்தும் அகப்பட்டது. ஜல்லியைக் கழுவிப் போட்டு, புது மணல் கொட்டி, போர்ட்டிகோவைச் சுற்றிப் பதித்திருந்த டைல்ஸில் பாதியைப் பெயர்த்துவிட்டேன். வீட்டில் அதற்குக் கிடைத்த அர்ச்சனை தனி.

ஐப்பசியில் முதல் பெருமழை. விட்டதும் எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்து, என் கேட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் பைப்பைக் குனிந்து பார்த்தார்.

"சார், எல்லார் வீட்டுத் தண்ணியும் ரோட்டுக்கு வருது. உங்க பைப் மட்டும் அடைச்சுக்கிச்சு போலிருக்கே, ஆளக் கூப்பிடட்டுமா?"

வணக்கம்.