பல்லில்லாத சக்கரம் மலை ஏறுவது எப்படி? பதுளை றெயிலில் ஒரு குடும்பப் பயணம்

[காட்சி: பளைக்கு அப்பால் வயல்வெளி நடுவே ஓடும் தண்டவாளம்]

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு றெயில் புதிதல்ல. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றுபோய், 2014இல் திரும்பவும் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் பெரிய மேடு என்றால் கோட்டை மதில்தான். றெயில் ஏறும் என்பதே இங்கே வளரும் பிள்ளைக்குப் புதுச் செய்தி.

ஆகவே மலை றெயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அம்மா அப்பாவுக்கு ஒன்று சொல்கிறேன். தேயிலைத் தோட்டமும் அருவியும் தாமாகவே கண்ணில் படும். நீங்கள் தண்டவாளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

[காட்சி: வரைபடம். பொல்காவலைச் சந்தி]

வடக்கிலிருந்து போகிறவர்கள் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. வடபாதை பொல்காவலையில் மலைநாட்டுப் பாதையோடு சேர்கிறது. அங்கே இறங்கி பதுளை றெயிலைப் பிடிக்கலாம். ஆசனத்தை மட்டும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். அம்மம்மாவை மணிக்கணக்கில் நிற்க வைக்க முடியாது.

றம்புக்கனை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். இங்கேதான் கேள்வி. ஊட்டி றெயில் ஏறும் செங்குத்தான பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்பு இருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எங்கள் பாதையில் அப்படி எதுவுமில்லை. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், இரண்டுக்கும் இடையிலான உராய்வு. அவ்வளவுதான். அதுவும் குறுகிய பாதை அல்ல. யாழ்தேவி ஓடும் அதே ஐந்தரை அடி அகலப் பாதை.

உராய்வை நம்பி ஏறுவதென்றால் சரிவு அதிகமாக இருக்கக் கூடாது, சக்கரம் வழுக்கிவிடும். இந்தப் பாதையின் கடுமையான சரிவுகள் ஏறத்தாழ 44இற்கு 1. அதாவது 44 அடி ஓடினால் 1 அடி உயரும். 100 மீற்றர் மேலே போக 4 கிலோமீற்றருக்கு மேல் தண்டவாளம் வேண்டும். நேராகப் போட மலையில் இடம் ஏது? அதனால் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வளைகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் யன்னலோரம் இருக்கும் பிள்ளை தன் றெயிலின் எஞ்சினையே பக்கவாட்டில் பார்க்கும். வேகம் குறைவென்று அலுத்துக்கொள்ளாதீர்கள், இந்த வளைவுகளில் அதற்குமேல் ஓட முடியாது.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

ஏன் இவ்வளவு பாடு? சுற்றுலாவுக்காக அல்ல, கோப்பிக்காக. மாட்டு வண்டியில் கொழும்புத் துறைமுகத்துக்குப் போன கோப்பியை விரைவாக இறக்கத்தான் பாதை போட்டார்கள். 1867இல் கண்டிக்கு வந்தது. 1885இல் நானுஓயாவுக்கு ஏறியபோது கோப்பியை இலைநோய் தின்றுவிட்டிருந்தது. றெயில் தேயிலையை ஏற்றியது. பண்டாரவளை 1894, பதுளை 1924. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் வரும் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், இந்தப் பாதையிலேயே நீளமானது. உள்ளே போனதும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், போடட்டும். வெளியே வந்தபின், அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் எங்கள் மொழி பேசுகிறவர்கள் என்பதையும், கடலுக்கு அப்பாலிருந்து கூட்டிவரப்பட்ட அவர்களுடைய முன்னோரின் உழைப்பில்தான் இந்த மலைநாடு எழுந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

[காட்சி: பட்டிப்பொல, பனி மூட்டம்]

பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் பாதையின் உச்சி, ஏறத்தாழ 1,898 மீற்றர். சுவெட்டரைப் பையின் அடியில் வைத்திருந்தால் இங்கே தேடுவீர்கள். உச்சிச் சுரங்கத்தின் ஒரு வாயில் மழையும் மறு வாயில் வெயிலும் இருப்பதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலைத்தொடர் தடுத்துவிடுவதுதான் காரணம். ஓகஸ்ட் லீவில் போனால் இதைக் காண வாய்ப்பு அதிகம். ஆனால் ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா வந்துவிடும், வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? ஏப்ரலில் போகலாமென்றால் நுவரெலியா சீசன், சனம் தாங்காது.

[காட்சி: ஒன்பது வளைவுப் பாலம், பிறகு தெமோதரை]

முக்கியமான ஒன்று. எல்ல என்ற ஸ்ரேசனில் பாதி றெயில் காலியாகும், நீங்கள் இறங்காதீர்கள். படங்களில் பார்க்கும் ஒன்பது வளைவுப் பாலம் எல்ல ஸ்ரேசனைத் தாண்டித்தான் வருகிறது. அதற்கடுத்தது தெமோதரை. என் கணக்கில் முழுப் பயணத்திலும் சிறந்த இடம் இதுதான்.

இங்கே பாதை கீழே இறங்க வேண்டும், நேராக இறக்கினாலோ சரிவு அதிகமாகிவிடும். என்ன செய்தார்கள்? றெயில் ஸ்ரேசனைவிட்டுப் புறப்பட்டு, குன்றை ஒரு வட்டம் சுற்றி, அதே ஸ்ரேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன் நின்ற மேடை இப்போது தலைக்கு மேலே. பிள்ளையிடம் ஒரு கடதாசி நாடாவைக் கொடுத்து, ஒரு முனையை மற்றதன் கீழே வளைத்துப் பார்க்கச் சொன்னால் சட்டென்று விளங்கிவிடும்.

வாசலில் தொங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். சுரங்கச் சுவர் பெட்டியை ஒட்டியே வரும், விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். கையில் இறால் வடையோடு யன்னலோரம் இருந்தாலே போதும்.

அப்புறம், கடும் மழைக்காலத்தில் மண்சரிவால் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். பெட்டி கட்டுமுன் ஸ்ரேசனுக்கு ஒரு கோல் எடுத்து, றெயில் பதுளை வரை ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.